ஒப்பனை கலைந்த பின்னும்: ஜப்பானிய விஷுவல் கெய் பாடல்களின் ஆயுள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசிய பேஸ்பால் போட்டி நடக்கிறது. ஓர் அணி மட்டையெடுக்கும் முறை வந்ததும் அந்தப் பள்ளியின் பித்தளை வாத்தியக் குழு கொளுத்தும் வெயிலில் இடைவிடாமல் வாசிக்கத் தொடங்கும். ஆட்டக்காரர்களை உசுப்பேற்றுவதற்கென்றே வழங்கிவரும் மெட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று ‘குரெனாய்’. 1989 செப்டம்பர் 1 அன்று எக்ஸ் என்ற குழு வெளியிட்ட பாடல் அது. இன்று அதை டிரம்பெட்டில் ஊதும் மாணவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. பாடலை முதலில் மேடையேற்றியவர்கள் தலைமுடியைச் செங்குத்தாக நிறுத்தி, முகத்தில் வெண்பூச்சு பூசி, கண்ணைச் சுற்றிக் கரிய மை தீட்டிக்கொண்ட ஐந்து இளைஞர்கள். மைதானத்தில் ஒலிக்கும் வடிவத்தில் அந்த முகங்கள் கிடையாது, சொற்கள் கிடையாது, கிட்டாரும் கிடையாது. மெட்டு மட்டும் இருக்கிறது. கூட்டம் அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது.

விஷுவல் கெய் எனப்படும் இந்த ராக் மரபைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி உடை, ஒப்பனை, ஆண்பெண் தோற்றக் கலப்பு ஆகியவற்றைச் சுற்றியே நிற்கிறது. அவை முக்கியமானவைதாம். ஆனால் 1980களின் இறுதியிலிருந்து 1990களின் முடிவுவரை உருவான அந்தப் பாடல்களில் சில ஏன் இன்னும் நினைவில் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடையை உடைப் பெட்டிக்குள் தேடுவதில் பயனில்லை. மெட்டு எப்படிக் கட்டப்பட்டது, அதை யார், எங்கே பாடினார்கள் என்பதில்தான் விடை இருப்பதாக நான் கருதுகிறேன்.

பெயரிலிருந்தே கவனம் கண் பக்கம் சாய்ந்துவிட்டது. எக்ஸ் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பான ‘ப்ளூ பிளட்’ 1989 ஏப்ரலில் வந்தது. அதன் உறையில் ‘விஷுவல் ஷாக்’ என்ற சொற்களைக் கொண்ட ஒரு முழக்கம் அச்சிடப்பட்டிருந்தது. 1990இல் தொடங்கிய ‘ஷாக்ஸ்’ இதழின் ஆசிரியர் ஹோஷிகோ செய்இச்சி அந்த முழக்கத்திலிருந்தே இந்த வகைக்கான பெயரை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். எக்ஸ் குழு வேக மெட்டல் வாசித்தது. அதே காலத்தில் பக்-டிக் குழு இருண்ட, மெல்ல நகரும் பிரிட்டிஷ் பாணிப் பாடல்களை இயற்றியது. இசையில் இவ்விரண்டும் வெவ்வேறு திசைகள். இவர்களை ஒரே குடையின்கீழ் நிறுத்தியது தோற்றம்தான். இசைச் சந்தைக்கு அது வசதியாக இருந்தது. இசையைக் கேட்பவருக்கு அவ்வளவு உதவவில்லை.

இந்தத் தோற்றத்துக்கு கபுகி நாடகத்தில் பெண்வேடமிடும் ஒன்னகாத்தா நடிகர்களையும், பெண்களே ஆண் பாத்திரங்களையும் ஏற்கும் தகராசுகா நாடகக் குழுவையும் மூலமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது அவசர விளக்கமாகவே படுகிறது. சிபா மாகாணத்தின் கடலோர ஊரான ததேயாமாவில் வளர்ந்த, எக்ஸின் டிரம்ஸ் கலைஞர் ஹயாஷி யோஷிகி நான்கு வயதிலிருந்து மேற்கத்திய செவ்வியல் பியானோ பயின்றவர். அவரை டிரம்ஸ் பக்கம் திருப்பியது அமெரிக்காவின் கிஸ் குழு. ‘குரெனாய்’ ஒற்றைப்பாடல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் எக்ஸ் வைத்தது லண்டனின் டி. ரெக்ஸ் குழுவுடைய ‘ட்வென்டியத் செஞ்சுரி பாய்’ பாடலின் மேடைப் பதிவு. பக்-டிக்கின் பாடகர் சகுராய் அட்சுஷியின் குரலிலும் நிற்பிலும் பிரிட்டனின் பவ்ஹவுஸ் குழுவின் சாயல் தெளிவாகத் தெரியும். 1973இல் ஜப்பானில் பாடிய டேவிட் போவி அணிந்திருந்தது ஜப்பானிய வடிவமைப்பாளர் யமமோட்டோ கன்சாய் தைத்துக் கொடுத்த உடைகள். கபுகியின் சாயல் அவற்றில் இருந்தது. ஆக, ஜப்பானிய அரங்கக் கலை இந்த இளைஞர்களிடம் ஓரளவு வந்து சேர்ந்திருந்தால் அது லண்டனைச் சுற்றிக்கொண்டு வந்தது. தாத்தாவின் நாடகக் கொட்டகையிலிருந்து நேரே வந்துவிடவில்லை.

யோஷிகியும் அவருடைய பள்ளித் தோழர் தெயாமா தோஷிமிட்சுவும் 1982இல் எக்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். தோஷிமிட்சுவை டோஷி என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். டோக்கியோவுக்கு வந்தபின் அவர்களுடைய களம் ‘லைவ் ஹவுஸ்’ எனப்படும் சிறு அரங்குகள். மெகுரோ பகுதியின் ரொகுமெய்கான் அவற்றில் பெயர்பெற்றது. அந்த அரங்குகளின் பொருளாதாரம் இரக்கமற்றது. மேடை ஏறும் குழு இத்தனை டிக்கெட்டுகளை விற்றுத் தர வேண்டும் என்ற ஒதுக்கீடு இருக்கும். விற்காதவற்றின் விலையைக் குழுவே கட்ட வேண்டும். இதை ‘நோருமா’ என்பார்கள். அறிமுகமில்லாத குழு ஒன்று ஓரிரவில் யாருடைய நினைவிலாவது தங்கியாக வேண்டும். தூக்கி நிறுத்திய முடிக்கும் தீட்டிய முகத்துக்கும் இந்த நெருக்கடியும் ஒரு காரணம். எக்ஸ் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சிகளிலும் தலைகாட்டியது. ஒரு சிறு உணவகத்துக்குள் முழு ஒலியோடு வாசித்தது. மெட்டல் இசையைப் புனிதமாகக் கருதியவர்கள் இதை இழிவாகப் பார்த்தார்கள். யோஷிகி அதைப் பொருட்படுத்தவில்லை. 1986இல் தாயின் பண உதவியோடு எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1988இல் அதன் வழியாக ‘வானிஷிங் விஷன்’ தொகுப்பை வெளியிட்டார். ஒசாகாவில் கலர் குழுவின் டைனமைட் டாமி தொடங்கிய ஃப்ரீ-வில் நிறுவனமும் 1986ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. பெரிய நிறுவனங்களின் கதவு திறக்கும்வரை இவர்கள் காத்திருக்கவில்லை.

இனி ‘குரெனாய்’ பாடலுக்குள் போகலாம். அது வேகப் பாடலாகத் தொடங்குவதில்லை. தனிக் கிட்டாரின் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சுண்டப்படுகின்றன. அதன்மேல் டோஷியின் குரல் தாழ்ந்து, தயங்கி வருகிறது. கேட்பவர் துயரமான மெதுநடைப் பாடல் ஒன்றை எதிர்பார்த்து அமரும் வேளையில் டிரம்ஸ் வெடிக்கிறது. யோஷிகி இரு கால்களாலும் பேஸ் டிரம்மை உதைத்து வாசிக்கும் வேகத்துக்கு அன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சி இசையில் இணை கிடையாது. இதுவரை சொன்னதை எந்த மெட்டல் குழுவிடமும் கேட்கலாம். வேறுபாடு இதற்குப் பிறகு வருகிறது. இத்தனை வேகத்துக்கு மேலே டோஷி பாடும் பல்லவியின் மெட்டு நீண்ட சுரங்களில், மைனர் ஸ்கேலில், மூச்சுக்கு இடம்விட்டு நகர்கிறது. தாளத்தை எடுத்துவிட்டு அந்தப் பல்லவியை மட்டும் பியானோவில் வாசித்தால் அது 1970களின் ஜப்பானிய வெகுஜனப் பாடல், அதாவது கயோக்யோகு. மதுக்கடையில் நடுவயதுக்காரர் ஒருவர் கண்ணை மூடிப் பாடக்கூடியது. கீழே தாளம் ஓடுகிறது, மேலே மெட்டு நடக்கிறது. இந்த இரட்டை வேகம்தான் எக்ஸின் கண்டுபிடிப்பு என்பேன். அமெரிக்க வேக மெட்டலில் பாடகரின் வரியும் தாளத்தோடு சேர்ந்து நறுக்கப்பட்டிருக்கும். அதை முணுமுணுப்பது கடினம். ‘குரெனாய்’ பல்லவியை ஒருமுறை கேட்ட சிறுவனும் முணுமுணுக்க முடியும். பள்ளி வாத்தியக் குழுக்களிடம் அது போய்ச் சேர்ந்த வழி இதுதான்.

கரோக்கே அறைகள் நாடெங்கும் பெருகிய ஆண்டுகளும் இவைதாம். டோஷியின் உச்சக் குரல் சாதாரண ஆண் தொண்டைக்கு எட்டாது. எட்டாததாலேயே அதை எட்டிப் பார்ப்பது ஒரு பந்தயமாயிற்று. 2024 ஜனவரியில் வெளிவந்த ‘கரோக்கே இகோ!’ என்ற திரைப்படத்தின் கதையே இந்தப் பாடலைச் சுற்றியது. ஒரு யாகுசா அடியாள் ‘குரெனா’யைச் சரியாகப் பாடக் கற்றுத்தரும்படி பள்ளிக் கூட்டிசைக் குழுவின் சிறுவன் ஒருவனை நச்சரிக்கிறான். முப்பத்தைந்து ஆண்டுப் பழைய பாடலைத் திரைக்கதையின் மையத்தில் வைக்கும்போது அது என்ன பாடல் என்று பார்வையாளருக்கு விளக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

1989 நவம்பரில் ஷிபுயா பொது அரங்கில் நிகழ்ச்சி முடிந்ததும் யோஷிகி மயங்கி விழுந்தார். தலையை வெறிகொண்டு ஆட்டியபடி வாசிக்கும் பழக்கம் அவர் கழுத்தைச் சிதைத்தது. பிற்காலத்தில் இருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சுற்றுப்பயணம் நின்றுபோயிருந்த வேளையில், டிசம்பர் 1 அன்று, ‘எண்ட்லெஸ் ரெய்ன்’ வந்தது. பியானோவில் தொடங்கும் மெதுநடைப் பாடல். ‘குரெனா’யின் மேல்பாதியைத் தனியே பிரித்தெடுத்தது போன்ற ஒன்று என்று இதைச் சொல்லலாம். நிகழ்ச்சிகளில் குழு வாசிப்பதை நிறுத்திய பிறகும் பார்வையாளர்கள் அதன் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார்கள். பத்து வயதில் தந்தையைத் தற்கொலைக்கு இழந்தவர் யோஷிகி. அவருடைய மெதுநடைப் பாடல்கள் எல்லாமே ஒரே இழப்பைச் சுற்றி வருவதாக விமர்சகர்கள் குறை சொல்வதுண்டு. உண்மைதான். ஒரே காயத்தையே திரும்பத் திரும்பத் தொடும் கலைஞர்களை நாம் வேறு கலைகளில் குறை சொல்வதில்லை.

அந்தக் காயத்தின் முழு அளவைக் காட்டியது ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’. அமெரிக்காவில் அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் 1992இல் எக்ஸ், எக்ஸ் ஜப்பான் ஆனது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று ஒரே ஒரு பாடலைக் கொண்ட இசைத்தட்டை வெளியிட்டது. நீளம் 29 நிமிடம். சொற்கள் முழுக்க ஆங்கிலம். லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு உடன் வாசித்தது. பாடலின் நடுவே எல்லாம் ஓய்ந்து பியானோ மட்டும் பல நிமிடங்கள் ஒலிக்கிறது. ஒரு பியானோ அமைதியான மெட்டை விடாமல் வாசிக்க, இன்னொன்று அதன்மேல் விரல்களால் அறைவதைப் போல அபசுரங்களைக் கொட்டுகிறது. முதல் பியானோ சாய்ந்துவிடுமோ என்று காது பதறும், அது சாய்வதில்லை. இந்தப் பகுதி மிக நீளம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுருக்கியிருந்தால் அது அலங்காரமாக நின்றுபோயிருக்கும். கேட்பவரின் பொறுமையைத் தாண்டிப் போவதால்தான் அதற்குப் பிறகு டிரம்ஸ் திரும்பும்போது விடுதலை பெற்ற உணர்வு கிடைக்கிறது. வானொலியில் ஒலிபரப்பவே முடியாத இந்த இசைத்தட்டு ஒரிகோன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெகுஜன இசைச் சந்தை ஒன்று இத்தனை கடினமான படைப்பை இவ்வளவு பெரிய அளவில் ஏற்றுக்கொண்ட தருணங்கள் அரிது.

பக்-டிக் வேறு பாதையில் வந்தது. குன்மா மாகாணத்தின் ஃபுஜியோகாவில் 1983இல் கூடிய ஐவர். பட்டாசைக் குறிக்கும் ‘பகுசிகு’ என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள். 1988 அக்டோபரில் வந்த ‘ஜஸ்ட் ஒன் மோர் கிஸ்’ விக்டர் நிறுவனத்தின் ஒலிப்பெட்டி விளம்பரத்தில் ஒலித்து வீடுதோறும் நுழைந்தது. 1990இன் ‘அகு நோ ஹனா’ பிரெஞ்சுக் கவி போதலேரின் தொகுப்பிலிருந்து தலைப்பைப் பெற்றது. விற்பனைப் பட்டியலின் உச்சிக்கும் போனது. கிட்டார் கலைஞர் இமாய் ஹிசாஷியின் மெட்டுகள் நேர்கோட்டில் போகாது. வளைந்து, எதிர்பாராத சுரத்தில் போய் நிற்கும். அதன்மேல் சகுராயின் தாழ்ந்த குரல் சலனமில்லாமல் நடக்கும். எக்ஸின் பாடல்களைக் கூட்டமாகப் பாடலாம். பக்-டிக் பாடல்கள் தனியறையில் கேட்பதற்கானவை. காலப்போக்கில் இவர்கள் முடியைத் தூக்கி நிறுத்துவதைக் கைவிட்டார்கள். இசையில் மின்னொலிகளையும் இரைச்சலையும் சேர்த்தார்கள். 1985க்குப் பிறகு உறுப்பினர் ஒருவரும் மாறாமல் நாற்பது ஆண்டுகளை நெருங்கினார்கள்.

எக்ஸின் கிட்டார் கலைஞர் ஹிடே அடையாளம் கண்டு எக்ஸ்டசி நிறுவனத்துக்கு அழைத்து வந்த குழு லூனா சீ. அவர்களின் ‘ரோசியர்’ 1994 ஜூலையில் வந்தது. அதன் மெட்டுக்கு விதை போட்டவர் பேஸ் கிட்டார் வாசித்த ஜே. பாடலைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு போவதும் அவருடைய பேஸ்தான். இரண்டு கிட்டார்களும் ஒரே ரிஃபை வாசிக்காமல் ஒன்று நூல் நூற்க, மற்றது அதை அறுத்துக்கொண்டே போகிறது. பாடலின் நடுவில் ஜே ஆங்கிலத்தில் பேசும் பகுதி வரும்போது மேடையில் என்ன நடக்கும் என்பது ரசிகர்களுக்குத் தெரியும், ஆனாலும் காத்திருப்பார்கள். 1999 மே 30 அன்று டோக்கியோ பிக் சைட் அருகே திறந்தவெளியில் இவர்களின் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சி நடந்தது. சில நாள் முன்பு அடித்த பலத்த காற்றில் பிரமாண்டமான மேடை சரிந்து விழுந்திருந்தது. நிகழ்ச்சியை ரத்து செய்யாமல், அந்த இடிபாடுகளுக்கு முன்னாலேயே நின்று ஒரு லட்சம் பேருக்கு வாசித்தார்கள். காட்சிக்கென்றே பெயர்பெற்ற ஒரு மரபின் பெரும் நிகழ்வுகளில் ஒன்று இப்படிக் காட்சியமைப்பை இழந்த நிலையில் நடந்தேறியது.

1997, 98 ஆண்டுகளில் வெள்ளம் கரை புரண்டது. ஹக்கொடாதேவைச் சேர்ந்த கிளே குழுவின் ‘ஹௌஎவர்’, ஷாஸ்னாவின் ‘மெல்ட்டி லவ்’, பெனிசிலினின் ‘ரோமான்ஸ்’, லார்க் ஆன் சியெல் ஒரே நாளில் வெளியிட்ட மூன்று ஒற்றைப்பாடல் இசைத்தட்டுகள் எனத் தொலைக்காட்சியின் எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் இவர்கள்தாம். ஜப்பானிய இசைத்தட்டுத் தொழில் தன் வரலாற்று உச்சத்தைத் தொட்டது 1998இல்தான். அந்த ஆண்டின் உற்பத்தி மதிப்பு அறுபதாயிரம் கோடி யென்னைத் தாண்டியது. கிளேயும் லார்க் ஆன் சியெலும் விஷுவல் கெய் என்ற அடையாளத்தை விரும்பவில்லை. ஒப்பனையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். சியாம் ஷேட் குழுவின் பாடல் ‘ருரோனி கென்ஷின்’ அனிமே தொடரின் முடிவிலும், லார்க் ஆன் சியெலின் ‘டிரைவர்ஸ் ஹை’ ‘ஜிடிஓ’ தொடரின் தொடக்கத்திலும் ஒலித்தன. ஜப்பானுக்கு வெளியே ஒரு தலைமுறை இந்தப் பாடகர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குரலைக் கேட்டது இப்படித்தான். எதிர்த்திசையில் போனவர்கள் மாலிஸ் மிசேர். அவர்களுக்கு இசை நாடகத்தின் ஒரு பகுதி. மேடையில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அபிநயம் பிடிக்கவும் தயங்கமாட்டார்கள். 1998 பிப்ரவரியில் வந்த ‘கெக்கா நோ யாசோகியோகு’வில் ஐரோப்பிய அரண்மனை இசையின் சாயலும் நடனத் தாளமும் கலந்திருக்கும். தோற்றம் இல்லாமல் தனித்து நிற்காத பாடல் என்று இந்த மரபில் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைக் காட்டுவேன். அழகானதுதான், ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் பாதி போய்விடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையில் நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். கீழே நின்றவர்களில் பெரும்பாலோர் பதின்வயதுப் பெண்கள். எந்தப் பாடலின் எந்த இடத்தில் கையை எப்படி விரிப்பது, எப்போது குனிந்து தலையாட்டுவது என்ற அசைவு முறைகளைக் காலப்போக்கில் வகுத்துக்கொண்டவர்கள் அவர்களே. தங்களுக்குப் பிடித்த கலைஞரின் உடையைத் தாமே தைத்து அணிந்து ஹராஜுகுவின் பாலத்தருகே கூடியவர்களும் அவர்களே. பெண்மையின் அழகைக் கடன்வாங்கிய ஒரு கலை, பெண்களின் உழைப்பையும் காசையும் நம்பியே நின்றது. மேடையில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ மிகக் குறைவு.

எக்ஸ் ஜப்பான் 1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் விடைபெற்றது. டோஷி விலக முடிவெடுத்ததே பிரிவுக்குக் காரணம். தான் ஓர் அமைப்பின் மூளைச்சலவைக்கு ஆளாகியிருந்ததாகப் பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதினார். நிகழ்ச்சி முடிந்த அதே இரவில் என்.எச்.கே. தொலைக்காட்சியின் ஆண்டிறுதி இசை விழாவில் ‘ஃபாரெவர் லவ்’ பாடினார்கள். பிரிவுக்குப் பின் மிகத் தெளிவான திட்டத்தோடு இருந்தவர் ஹிடே. யோகோசுகாவில் பிறந்து, சிகையலங்காரம் பயின்று, எக்ஸின் தோற்றத்துக்கு வண்ணம் சேர்த்தவர். தனிப் பாடல்களில் அவர் மெட்டல் கிட்டாரோடு கணினி ஒலிகளையும் துள்ளும் பாப் மெட்டையும் பிணைத்தார். 1998 மே 2 அன்று, 33 வயதில் இறந்தார். காவல்துறை தற்கொலை என்றது. உடன் வாசித்தவர்கள் விபத்து என்றே நம்புகிறார்கள். சுகிஜி ஹோங்கான்ஜி ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஐம்பதாயிரம் பேர் திரண்டார்கள். சில ரசிகர்கள் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டதால், உயிரோடிருங்கள் என்று குழுவின் தோழர்கள் பகிரங்கமாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

‘பிங்க் ஸ்பைடர்’ மே 13இல் வெளியாகி முதலிடம் பிடித்தது. வலைக்குள்ளிருந்து வானத்தைப் பார்க்கும் ஒரு சிலந்தி, பிறரின் சிறகைக் கொண்டு பறக்கத் துணிந்து விழுவதைச் சொல்லும் பாடல். இறப்புக்கு முன்பே பதிவாகியிருந்தும் அதை ஒரு விடைபெறலாகக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அது பாடலுக்குச் செய்யும் அநீதி. கனத்த கிட்டார் ரிஃபின் குறுக்கே இயந்திர ஒலிகள் வெட்டிச் செல்ல, குரல் கிண்டலும் சினமுமாக நடக்கிறது. சாவைத் தேடும் ஒருவரின் தொனி அதில் இல்லை; அடுத்த நூற்றாண்டின் ஒலியைத் தேடும் ஒருவரின் தொனி இருக்கிறது. அதே மாத இறுதியில் வந்த ‘எவர் ஃப்ரீ’யையும் சேர்த்துக் கேட்டால் இது இன்னும் விளங்கும். அதில் துள்ளல் ததும்புகிறது.

பாடியவர் போன பின் பாடலை என்ன செய்வது என்பதற்கு இந்த மரபில் இரண்டு விடைகள் கிடைத்துள்ளன. 2008 மார்ச்சில் எக்ஸ் ஜப்பான் டோக்கியோ டோமில் மீண்டும் கூடியபோது ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ பாடலுக்கு ஹிடேயின் ஒளியுருவத்தை மேடையில் நிறுத்தினார்கள். அரங்கம் அழுதது. பக்-டிக்கின் சகுராய் 2023 அக்டோபர் 19 அன்று யோகோஹாமாவில் நிகழ்ச்சியின் நடுவே உடல்நலம் குன்றி, அன்றிரவே இறந்தார். அவருக்கு வயது 57. அந்த டிசம்பரில் புடோகான் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் அவருடைய பதிவுசெய்த குரலோடு மற்ற நால்வரும் வாசித்தார்கள். அதற்குப் பிறகு புதிய பாடகர் எவரையும் அவர்கள் அழைக்கவில்லை. முன்பு பெரும்பாலும் கிட்டாரோடு நின்றுவிட்ட இமாயும் ஹோஷினோ ஹிதேஹிகோவும் ஒலிவாங்கியின் முன் வந்தார்கள். 2024 டிசம்பரில் வெளியான ‘சப்ரோசா’ தொகுப்பில் அவர்களே பாடினார்கள். சகுராயின் கனம் அந்தக் குரல்களில் இல்லை, அதைப் போலி செய்யவும் அவர்கள் முயலவில்லை. இரண்டு விடைகளில் இதுவே துணிச்சலானது என்று எனக்குப் படுகிறது.